கணக்கு வராத பிள்ளை என்று ஒரு பிள்ளை இல்லை

(சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் நேரே இங்கே வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப் போவது கணக்குப் பாடத்தைப் பற்றி.

லயத்துக்கு லயம் போகும்போது நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "தமிழ் படிச்சிருவான், சமயம் படிச்சிருவான், வரலாறும் படிச்சிருவான். கணக்கு மட்டும் மண்டையில ஏறாதுங்க. எங்க பரம்பரைக்கே கணக்கு வராது." பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறது. அன்றோடு கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிடுகிறது.

தாய்மாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். காலையில் எத்தனை கிலோ, மத்தியானம் எத்தனை கிலோ, கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கழித்தார்கள், மிச்சம் எத்தனை என்று தராசடியில் நின்றபடியே மனதில் கூட்டிக் கழிக்கிறீர்களா இல்லையா? ஒரு கிலோ குறைந்தால் உடனே "எங்கேங்க போச்சு" என்று கேட்கிறீர்களா இல்லையா? மாசத்தில் எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்கிறீர்களே, அது கணக்கில்லாமல் வேறென்ன? உங்கள் பரம்பரைக்குக் கணக்கு வரும். எழுதிப் பழகத்தான் வாய்ப்பு இருக்கவில்லை.

கணக்கு தெரியாததால் நம் முன்னோர் பட்டது

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. அந்த நாளில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர் பேரில் இருக்கிற கடனைக் கட்டினால்தான் விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். கடல் தாண்டி வந்த செலவு, முற்பணம், அரிசி என்று கடன் ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு ஏறியது என்று கடன்பட்டவருக்குத் தெரியாது. எழுதியவர் சொன்னதுதான் கணக்கு. அந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போய் நூறு வருடம் கடந்துவிட்டது. ஆனால் கையில் கிடைக்கிற சம்பளச் சிட்டையைப் படித்து, கழித்தது சரியா என்று பார்க்கத் தெரியாதவர்கள் நம் மத்தியில் இன்றும் இருக்கிறார்கள். அடகுக் கடை வட்டி, தவணைக்கு வாங்கிய தொலைக்காட்சி, நுண்கடன் என்று வருகிறபோது சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறோம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வட்டிக் கணக்கு தெரிந்தால் அந்தக் குடும்பத்தை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. பரீட்சைக்கு முன்பே கணக்கு கொடுக்கிற பலன் இது.

இனி பரீட்சைக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சி, தாதிப் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரிப் பாடநெறிகள், அரசாங்க உத்தியோகம் என்று எந்த விண்ணப்பப் பத்திரத்தை எடுத்தாலும் பெரும்பாலும் சாதாரண தரக் கணிதத்தில் சித்தி உண்டா என்று கேட்டிருப்பார்கள். உயர்தர வகுப்பில் சேருவதற்கான விதிகள் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறுவதுண்டு. அதை அதிபரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் மற்றப் பாடமெல்லாம் சித்தியடைந்து கணக்கில் மட்டும் தவறிய பிள்ளைக்கு முன்னால் பல கதவுகள் அடைபட்டு விடுகின்றன. பிறகு என்ன? கொழும்புக் கடைக்கு ஒருவன், ஆடைத் தொழிற்சாலைக்கு ஒருத்தி. அந்த வேலைகளை நாம் குறைவாகச் சொல்லவில்லை. வேறு வழி இருந்தும் பார்த்துத் தெரிந்தெடுத்துப் போவது வேறு, வழியில்லாமல் போவது வேறு.

பிள்ளை எங்கே நின்றுவிட்டது?

தரம் 11 பிள்ளைக்குக் கணக்கு விளங்கவில்லை என்றால், பிசகு தரம் 11 இல் இருப்பது குறைவு. ஆறாம் ஏழாம் வகுப்பில் எங்கேயோ ஒரு படி விடுபட்டிருக்கும். காய்ச்சலில் பத்து நாள் போகாமல் இருந்திருக்கும். கணித ஆசிரியர் இல்லாத ஒரு தவணை கழிந்திருக்கும். அந்தப் படி இல்லாமல் மேல் படியில் கால் வைக்கச் சொன்னால் பிள்ளை விழத்தான் செய்யும். அதை மூளைக் குறைவு என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

பெரும்பாலும் விடுபடுகிற படிகள் நான்கு: பெருக்கல் வாய்ப்பாடு, பின்னம், மறை எண், சமன்பாடு. இந்த நான்கையும் திருத்தினால் மேலே உள்ள பாதிப் பாடம் தானாக வழிக்கு வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாய்ப்பாடு: 12 வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். இதற்குப் படித்த பெற்றோர் தேவையில்லை. தாய் ரொட்டி சுடும்போது பிள்ளை பக்கத்தில் இருந்து சொல்லட்டும். இப்போது பிள்ளைகள் ஏழெட்டுக்குக் கூடக் கைத்தொலைபேசியை எடுத்து அமத்துகிறார்கள். பரீட்சை மண்டபத்துக்குள் அதைக் கொண்டு போக முடியாது. ஆகவே வீட்டிலும் கணக்குக் கொப்பி திறந்திருக்கும்போது போன் மூடியிருக்க வேண்டும்.

பின்னம்: அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பல பிள்ளைகள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள். அப்போது ஒரு ரொட்டியை எடுங்கள். பாதி ரொட்டி ஏற்கனவே தட்டில் இருக்கிறது. அதோடு இன்னும் மூன்றில் ஒரு பங்கு வைக்கிறோம். வைத்த பிறகு பாதியை விடக் குறையுமா? ஐந்தில் இரண்டு என்பது பாதியை விடக் குறைவு. அப்படியானால் விடை பிழை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஒரே அளவான ரொட்டியை ஆறு துண்டாக்கினால் பாதி என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. கூட்டினால் ஐந்து துண்டு. விடை ஆறில் ஐந்து.

மறை எண்: இதற்குக் கடைக் கொப்பியை விட நல்ல புத்தகம் இல்லை. கடையில் 700 ரூபா கடன். சம்பளத்தன்று 500 ரூபா கொடுத்தோம். இன்னும் 200 ரூபா கடன். கடனை மறைக் குறியோடு எழுதினால் அதுதான் மறை எண். சரி, கையில் 1,000 ரூபா, கடையில் 300 ரூபா கடன். உண்மையில் நமக்குச் சொந்தம் 700 தான். கடைக்காரர் மனமிரங்கி "அந்த 300 ஐ விட்டுவிட்டேன்" என்றால் என்ன ஆகும்? 1,000 ரூபாவும் நமக்கே. கடனை எடுத்துவிட்டால் கை கூடுகிறது. மறையைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று வகுப்பில் விளங்காத பிள்ளைக்கு இது விளங்கும்.

சமன்பாடு: பழைய தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஒரே நிறையுள்ள மூன்று பைகளும் 4 கிலோ படிக்கல்லும். மற்றத் தட்டில் 19 கிலோ. தராசு நேராக நிற்கிறது. ஒரு பை எத்தனை கிலோ? இரண்டு பக்கமும் 4 கிலோவை எடுங்கள். மூன்று பை 15 கிலோ. ஒரு பை 5 கிலோ. ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்ய வேண்டும். அதை மறந்தால் தராசு சாய்ந்துவிடும். பையின் இடத்தில் ஓர் எழுத்தைப் போட்டால் அதுதான் சமன்பாடு.

படிக்காத பெற்றோரும் கற்றுக்கொடுக்கலாம்

"நாங்க அஞ்சாம் வகுப்புக் கூடத் தாண்டலீங்க, நாங்க என்ன சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்பீர்கள். நீங்கள் கணக்குச் செய்து காட்ட வேண்டியதில்லை. பிள்ளையைச் செய்யவிட்டு, "எப்படிச் செஞ்ச? எனக்கு விளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அடுத்தவருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்று பிள்ளை கண்டுபிடிக்கும். சொல்லிக்கொண்டு வருகிறபோது ஓரிடத்தில் திக்கி நிற்கும். அந்த இடத்தைக் கொப்பியில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, விடை ஞாயமானதா என்று பார்ப்பது. இதில் நீங்கள் பிள்ளையை விடக் கெட்டிக்காரர். ஒரு கணக்கு சொல்கிறோம். ஒரு மலையில் புல்லு வெட்ட 12 பேருக்கு 6 நாள் பிடிக்கும். 9 பேர் மட்டும் வந்தால் எத்தனை நாள்? அவசரத்தில் பிள்ளை நாலரை நாள் என்று எழுதும். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஆள் குறைஞ்சா நாள் கூடுமா குறையுமா?" என்று சிரிப்பீர்கள். அந்த ஒரு கேள்வி போதும். பன்னிரண்டு ஆறு 72 ஆள் நாள். அதை 9 ஆல் வகுத்தால் 8 நாள். நேர்மாறு விகிதசமன் என்று புத்தகத்தில் பெரிய பெயரில் இருப்பது பெரட்டுக்களத்தில் தினமும் நடக்கிற கணக்குத்தான்.

சம்பளச் சிட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை உதாரணத்துக்கு எடுப்போம். 20 பேர் விழுந்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் கழிப்பது நூற்றுக்கு 8. நூற்றில் ஒரு பங்கு 270 ரூபா. எட்டுப் பங்கு 2,160 ரூபா. தோட்டம் தன் பங்காகப் போடுவது நூற்றுக்கு 12, அதாவது 3,240 ரூபா. இரண்டும் சேர்ந்து 5,400 ரூபா நம் பேரில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் போடுவது நூற்றுக்கு 3, அது 810 ரூபா. அதை நம்மிடம் கழிப்பதில்லை. இப்போதுள்ள உங்கள் சம்பளத்தைப் போட்டு மாசாமாசம் பிள்ளை இதைச் செய்யட்டும். சதவீதமும் பழகும், சிட்டையும் சரிபார்க்கப்படும்.

தோட்டத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கிற கணக்குகள் இன்னும் பல. 100 கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய இருபத்தொன்றரைக் கிலோ தேயிலைத் தூள் வரும் என்று வைத்தால், 400 கிலோவில் எவ்வளவு? 86 கிலோ. தேயிலைக் கன்றை நாலடிக்கு இரண்டடி வைத்து நட்டால் ஒரு கன்றுக்கு 8 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் 5,445 கன்று. வீடு கட்டும்போது மேசன்மார் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று நூல் பிடித்து மூலையைச் சரிபார்ப்பார்கள். மும்மூன்று ஒன்பது, நாநான்கு பதினாறு, கூட்டினால் 25. ஐயைந்தும் 25. அதுதான் பைதகரசின் தேற்றம். சோதனைத்தாளில் அந்தப் பெயரைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை ஒரு மேசனிடம் கூட்டிப் போங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

இனி உங்களோடு பேசுகிறோம். கணித வினாத்தாள் இரண்டு பத்திரம். முதலாம் பத்திரத்தில் 25 சிறிய வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. அதோடு ஐந்து அமைப்புக் கட்டுரை வினாக்கள், ஒன்றுக்கு 10 புள்ளி. ஆக 100. இரண்டாம் பத்திரத்தில் 12 வினாவில் 10 செய்ய வேண்டும், அதற்கும் 100. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். 35 வந்தால் சாதாரண சித்தி, 50 வந்தால் திறமைச் சித்தி. முதலாம் பத்திரத்தில் 50 எடுத்தவனுக்கு இரண்டாம் பத்திரத்தில் 20 கிடைத்தாலும் சித்திதான். இதைச் சொல்வது 35 போதும் என்று உட்காருவதற்காக இல்லை. "நமக்கு எட்டாது" என்று நினைக்கிற பிள்ளைக்கு எட்டுகிற தூரத்தைக் காட்டுவதற்காக.

முதலில் அந்த 25 சிறிய வினாக்களைப் பிடியுங்கள். கடந்தகால வினாத்தாள்களில் தினமும் ஐந்து செய்யுங்கள். இரண்டாம் பத்திரத்தில் வரைபு, இடை, அமைப்பு, தொடை, நிகழ்தகவு ஆகியவை திரும்பத் திரும்ப வருகிறவை. கவராயத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அமைப்பு வினாவில் புள்ளி நிச்சயம். பென்சிலைச் சீவிக் கூராக வைத்துக்கொள்ளுங்கள்.

படிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதாதீர்கள். விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு. வெறும் விடையை எழுதி அது பிழைத்தால் ஒன்றுமில்லை. கிலோவா, மீற்றரா, ரூபாவா என்று அலகையும் மறக்காமல் எழுதுங்கள். வினாத்தாளை வீட்டில் செய்யும்போது மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யுங்கள். ஒரு வினாவில் மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் போனால் தெரிந்த மூன்று வினா போய்விடும்.

பிழைத்த கணக்குகளுக்கென்று தனிக் கொப்பி ஒன்று வையுங்கள். எந்த இடத்தில் பிழைத்தது என்று ஒரு வரி எழுதி, அதே கணக்கை அடுத்த கிழமை பார்க்காமல் மறுபடியும் செய்யுங்கள். பரீட்சைக்கு முதல் மாதத்தில் அந்தக் கொப்பியை விட நல்ல புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கணக்கும் அப்படித்தான்.

வீடும் லயமும் செய்ய வேண்டியது

தினமும் ஒரு மணித்தியாலம் கணக்குக்கு வேண்டும். கிழமையில் ஒரு நாள் ஏழு மணித்தியாலம் இருப்பதை விட, தினம் ஒன்று என்று ஏழு நாள் இருப்பது மேல். லயத்து அறையில் ஒரு சுவர்தான். அடுத்த வீட்டு நாடகச் சத்தம் நம் வீட்டில் கேட்கும். ஆகவே பரீட்சைப் பிள்ளை இருக்கிற லயத்தில் மாலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை எல்லோரும் தொலைக்காட்சியைக் குறைத்து வைப்போம் என்று உங்களுக்குள் பேசி ஒரு தீர்மானத்துக்கு வாருங்கள். அடுத்த வருடம் உங்கள் பிள்ளைக்கு அவர்கள் செய்வார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலை விட்டு வந்ததும் தண்ணீர், விறகு, சமையல், தம்பியைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில். ஆண் பிள்ளை கிரிக்கெட் விளையாடிவிட்டு வருகிறான். பிறகு "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்கிறோம். அவளுக்கு நேரம் கொடுத்துப் பாருங்கள், ஓடுகிறதா இல்லையா என்று. வேலையை அண்ணன் தம்பிக்கும் பங்கிடுங்கள். அப்பாமாரும் ஒரு கை கொடுக்கலாம்.

டவுனுக்கு ரியூஷனுக்கு அனுப்ப எல்லோருக்கும் வசதியில்லை. பஸ் காசே பெரிய காசு. அதனால்தான் இந்தச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தை மாலையில் திறந்து வைக்க ஏற்பாடு செய்கிறோம். ஐந்தாறு பிள்ளைகள் கூடி இருந்து படிக்கட்டும். தோட்டத்தில் சாதாரண தரம் சித்தியடைந்து உயர்தரம் படிக்கிற அக்காமார் அண்ணன்மார் கிழமைக்கு இரண்டு நாள் வந்து உதவினால் போதும். அவர்களுக்கும் படித்தது மறக்காது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று ஆசிரியர்களாக வந்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் மலையகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களும் லயத்து வெளிச்சத்தில் படித்தவர்கள்தான்.

கடைசியாக ஒரு கண்டிப்பான வார்த்தை. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கடைக்கு அனுப்புவது சட்டப்படி பிழை. "நல்ல இடம், மாசம் இவ்வளவு தாறாங்க" என்று யாராவது ஆள் பிடிக்க வந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். வீட்டில் கஷ்டம் என்றாலும் வந்து சொல்லுங்கள். கூடியிருந்து ஒரு வழி பார்ப்போம்.

பரீட்சையில் கணக்குத் தவறிவிட்டால் அதோடு கதை முடிந்துவிடாது. மறுபடியும் தோற்றலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தை மட்டும் எழுதவும் முடியும். பெறுபேறு வந்த அன்று பிள்ளையை அடிக்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் இருத்திச் சாப்பாடு கொடுங்கள். பிறகு எந்தப் படி விடுபட்டது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

தாய்மாரே, தகப்பன்மாரே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாதச் சம்பளச் சிட்டையை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, "இது சரியா என்று பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கணக்குப் போடுகிற வரைக்கும் பக்கத்தில் இருங்கள். நாளை மாலை ஐந்தரை மணிக்கு இந்த நிலையத்தின் கதவு திறந்திருக்கும். கொப்பி, பேனை, கவராயத்தோடு பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.